சோற்றின்மேற் பழி

சென்ற வருஷக் கடைசியிலே, பாடாங் செராயை அடுத்துள்ள நமது தோட்டத்து ஆபீசுக்கு ஓர் அம்மையார் வந்திருந்தார். அவர் கணவர் இறந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. சேமநிதிப் பணத்துக்கும் சொக்சோவுக்கும் வேண்டிய காகிதங்களிலே நாம் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டு முடித்தார். முடித்த பின்னும் எழுந்து செல்லாமல், முந்தானையை விரலிற் சுற்றியபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "ஐயா, நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்குறேன். நான் ஆக்கிப் போட்ட சோத்தாலேதான் அவருக்கு அந்த நோய் வந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா" என்று உடனே சொன்னோம். அவரும் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். ஆயினும், அன்று நாம் சொன்னது இரக்கத்தினாற் சொன்ன சொல்லேயொழிய அறிவினாற் சொன்ன சொல் அன்று. அது மெய்தானா என்பதை நாம் அப்பொழுது அறியோம். பின்னர் பல நாள் படித்தும் யோசித்தும் அறிந்ததை நமது தோட்டத்துச் சகோதரர்களுக்கும் பட்டணத்துச் சகோதரர்களுக்கும் எடுத்துரைப்பது கடமையெனக் கருதி இதை எழுதலானோம்.

அவர் கணவருக்கு வந்தது பெருங்குடற் புற்று. இளமையிலே பால்மரம் வெட்டிப் பழகிப் பின்னர்ச் செம்பனைக் குலை அறுத்து வாழ்ந்த, ஐம்பது வயதைக் கடந்த மனிதர். மலத்தோடு இரத்தம் போகக் கண்டபொழுது, மூலச்சூடு என்றே எண்ணினார். துத்திக்கீரை தின்றார், மோர் குடித்தார். அதன் பிறகு ஒருநாள் நம்மிடம் வந்து, மஞ்சள் குடற்கட்டிகளைக் கரைக்கும் என்று யாரோ சொன்னதாகவும், அது மெய்தானா என்றும் கேட்டார். ஆங்கிலப் பள்ளியிற் படித்த பெருமை நமக்கு இருந்தது. தேடிப் பார்த்து, அமெரிக்காவிலே நடந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையொன்றை எடுத்துத் தமிழிலே அவருக்கு விளக்கிச் சொன்னோம். அவர் முகம் மலர்ந்து போனார். அதன்பின் ஏழு மாதம் அவர் எந்த டாக்டரிடமும் செல்லவில்லை. "கிராணி ஐயாவே இங்கிலீசிலே படிச்சுச் சொன்னாரு" என்று லயத்திலே எல்லாரிடமும் சொல்லி வந்தாராம். இதை நாம் அறிந்தது அவர் பெரிய ஆஸ்பத்திரியிலே படுத்த பின்புதான்.

நிற்க. அந்த அம்மையார் கேட்ட கேள்வியை அவர் தாமாகக் கண்டுபிடித்துக் கேட்கவில்லை. கருமாதிக்கு வந்திருந்தோர் பேசியதிலிருந்து பிறந்த கேள்வி அது. பந்தியிலே ஒருவர், "கீரைன்னா மொகத்தைத் திருப்பிக்குவான், கருவாடும் கறியும் கள்ளுமா இருந்தான், வேறே என்ன ஆகும்?" என்றார். மற்றொருவர், "மஞ்சளை முறையாகக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான், பொம்பளை கவனிக்கலை" என்றார். இவ்விரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று மாறானவை போலத் தோன்றும். சற்று ஆராய்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே எண்ணத்தின் இரு முகங்கள் என்பது விளங்கும். அவ்வெண்ணம் யாதெனின், உணவானது நீதிபதியைப்போல் ஒவ்வொருவனுக்கும் அவனவன் தகுதிக்கேற்பக் கூலி கொடுக்கின்றது என்பதே. நன்றாய் உண்டவன் வாழ்வான். தவறாய் உண்டவன் வீழ்வான். வீழ்ந்தவன் தவறாய் உண்டவனே ஆதல் வேண்டும்!

இது எங்கேயோ கேட்ட குரலாக இருக்கின்றதல்லவா? ஏழையாய்ப் பிறந்தவனைப் பார்த்து முற்பிறப்பின் பலன் என்றும், குருடனைப் பார்த்து முன்செய்த பாவம் என்றும் சொல்லி வந்த அதே குரல்தான். மேடையேறி அந்தக் கொள்கையைக் கண்டித்துக் கைதட்டிய நாமே, வீட்டுக்குத் திரும்பியதும் அதைச் சமையற்கட்டு வழியாக உள்ளே அழைத்து வந்து பாய் போட்டு உட்கார வைத்திருக்கின்றோம். முற்பிறப்பு என்ற இடத்திலே முன் தின்ற சோறு என்று மாற்றிக்கொண்டோம், வேறு வித்தியாசமில்லை.

ஆனால் எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. உணவுக்கும் இந்நோய்க்கும் சம்பந்தமே இல்லையென்று சொல்ல முடியுமா? முடியாது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே செல்லவேண்டும்.

உகாண்டாவிலே பல வருஷம் ரணவைத்தியராக இருந்த டெனிஸ் பர்க்கிட் என்னும் அயர்லாந்துக்காரர், அங்குள்ள ஆப்பிரிக்கர்களுக்குக் குடற்புற்று அரிதாகவே காணப்படுவதையும், மேல்நாட்டாரிடையே அது மலிந்திருப்பதையும் ஒப்பிட்டு, தவிடும் நாரும் நீக்காத தானியமும் கிழங்கும் உண்பதே இதற்குக் காரணமாகலாம் என்று 1971-ம் வருஷம் எழுதினார். ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் குடியேறியவர்களிடையே, தாய்நாட்டிலுள்ளாரைக் காட்டிலும் குடற்புற்று அதிகப்பட்டதென்பது அதற்கு முன்னரே கண்ட விஷயம். பிறந்த இரத்தம் ஒன்றே. மாறியது வாழும் வகை.

இவ்விஷயத்திலே நம்மவர் ஜப்பானியருக்கு விலக்கல்ல. உலகத்திலே இந்நோய் குறைவாகக் காணப்படும் தேசங்களுள் இந்தியா ஒன்று. மலேசியாவிலோ, புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுக்கு அடுத்த இடத்தில் இருப்பது பெருங்குடல், மலக்குடற் புற்றே. இங்குச் சீனரிடையே அது மிகுதி. இந்திய வமிசத்தாரிடையே அத்துணை மிகுதியில்லையெனினும், இந்தியாவிலுள்ள நம் உறவினரைக் காட்டிலும் நமக்கு அதிகமாகவே இருக்கின்றது. அங்கே பதிவு செய்யப்படாது போகும் நோயாளிகள் பலர் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் முழுவதும் மறைந்துவிடாது. இங்கே ஒரு சிறு வினா எழுப்புவோம். மஞ்சள் போடாத குழம்பு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. தஞ்சாவூர்க் குழம்பிலும் பாடாங் செராய்க் குழம்பிலும் விழும் மஞ்சள் ஒன்றே. அங்ஙனமாயின் இந்த வித்தியாசத்துக்கு மஞ்சள் காரணமாவதெப்படி? காக்கும் பொருள் அது ஒன்றேயானால் கடல் கடந்ததும் காப்பதை மறந்துவிட்டதா?

இனி நாம் அந்த மனிதருக்குப் படித்துக் காட்டிய கட்டுரைக்கு வருவோம். அது பொய்க் கட்டுரை அன்று. குடும்ப வழியாகக் குடலிலே நூற்றுக்கணக்கான சிறு முளைகள் தோன்றும் ஒரு வியாதி உண்டு. அவ்வியாதியுள்ள ஐவருக்கு, மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் சத்தையும், வெங்காயத்திலுள்ள குவர்செட்டின் என்னும் சத்தையும் ஆறு மாதமளவு கொடுத்துப் பார்த்ததில், முளைகளின் தொகை பாதிக்கு மேல் குறைந்ததென்று 2006-ம் வருஷம் வெளியாயிற்று. மஞ்சளும் வெங்காயமும்! நம் அடுப்படியையே அமெரிக்கா மெச்சிவிட்டதென்று நாம் பூரித்துப் போனோம். ஐவர் என்னும் தொகையைக் கவனிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடாத மற்றொரு கூட்டம் இல்லையென்பதையும் கவனிக்கவில்லை. அதே ஆராய்ச்சியாளர்கள் பின்னர் 44 பேரைச் சேர்த்து, ஒரு பாதியாருக்குக் குர்குமினும் மறுபாதியாருக்குச் சத்தில்லாத மாத்திரையும், எது யாருக்கென்று நோயாளியோ வைத்தியரோ அறியாதபடி, ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தனர். முளைகளின் தொகையிலும் பருமனிலும் இரு கூட்டத்தாருக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. இது வெளியானது 2018-ம் வருஷத்தில். அதுவும் கையெட்டும் தூரத்திலேதான் கிடந்தது. நாம் முன்னதைப் படித்தோம், பின்னதைத் தேடவில்லை. ஏனெனில் முன்னது நமக்குப் பிடித்திருந்தது.

கணக்குப்பிள்ளை உத்தியோகம் பார்ப்பவன் கணக்காவது போட்டிருக்கலாம். பிந்திய ஆராய்ச்சியிலே நாளொன்றுக்குக் கொடுத்த குர்குமின் 3 கிராம். மஞ்சட்பொடியில் குர்குமின் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பாகமே. ஆகவே அந்த அளவைப் பொடியாக உட்கொள்ள வேண்டுமாயின் தினந்தோறும் 100 கிராம் மஞ்சள் தின்ன வேண்டும். நம் வீட்டிலே 100 கிராம் பொட்டலம் ஒன்று மாதக்கணக்காக வருகின்றது. அத்தனையும் தின்றவர்களுக்கே பயன் காணவில்லையென்றால், இரவிலே பாலிற் கலக்கும் ஒரு சிட்டிகையைப் பற்றி என்ன சொல்வது? குழம்புக்கு மஞ்சள் நல்லது. மணம் உண்டு, நிறம் உண்டு. அதற்கு மேலுள்ள பாரத்தை அதன் தலையில் ஏற்றலாகாது. கடையிலே விற்கும் மஞ்சட்சத்து மாத்திரைகள் சிலருடைய ஈரலைக் கெடுத்திருக்கின்றன என்பதையும் சொல்லி வைக்கின்றோம்.

நார்ச்சத்தின் கதை இவ்வளவு வறியதன்று. நாம் செரிக்கமாட்டாத நாரைப் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்கச்செய்து, பியூட்டிரேட் என்னும் ஒரு பொருளை உண்டாக்குகின்றன. குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களுக்கு முதன்மையான ஆகாரமே அதுதான். ஆக, கீரைத்தண்டு நமக்கு மட்டும் உணவன்று. ஐரோப்பாவின் பத்துத் தேசங்களிலே 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் உணவைக் குறித்து வைத்து நடந்த ஆராய்ச்சியிலே, நார் மிகுதியாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைக் காட்டிலும் இந்நோய் நாலில் ஒரு பாகம் குறைவாயிருந்ததென்று 2003-ம் வருஷம் தெரிவித்தார்கள். ஆயினும் அதற்கு மூன்று வருஷத்துக்கு முன், அமெரிக்காவில் 2,000-க்கு மேற்பட்டவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தாரைக் கொழுப்பைக் குறைத்து, நாரும் கனியும் காய்கறியும் மிகுதியாய் உண்ணச்செய்து நாலாண்டு பார்த்தபொழுது, மீண்டும் முளை தோன்றுவதிலே யாதொரு வித்தியாசமும் காணவில்லை. நாலு வருஷம் போதாதென்பர் சிலர். நாற்பது வருஷத்துப் பழக்கத்தை நாலு வருஷம் திருத்துமா என்பது நியாயமான கேள்வியே. எப்படியாயினும், தவிடு நீக்காத தானியமும் பயறும் கீரையும் உண்பது நல்லதென்பதிலே நமக்குச் சந்தேகமில்லை. "நல்லது" என்பதற்கும் "காக்கும்" என்பதற்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

காயிலிருந்து சத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்து ஒரு பாடம் படித்துக்கொண்டது. பப்பாளி, காரட், கீரை முதலியவற்றிலுள்ள பீட்டா கரோட்டீன் என்னும் சத்து புற்றைத் தடுக்கும் என்று நம்பி, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்துச் சோதித்தார்கள். 1994-ல் வெளியான முடிவு யாது? அம்மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரற் புற்று நூற்றுக்கு 18 பாகம் அதிகமாயிற்று! அமெரிக்காவிலும் இதுபோன்ற சோதனையொன்று தீமை கண்டு 1996-ல் இடையிலே நிறுத்தப்பட்டது. பழத்திலிருக்கும்பொழுது தோழனாயிருந்தது, குப்பியில் அடைத்ததும் வேறு வேடம் பூண்டது.

செடியிலிருந்து வந்ததெல்லாம் நல்லது என்னும் எண்ணமே பேதைமை. புகையிலை செடியல்லவா? பாக்கு மரத்திற் காய்ப்பதல்லவா? பாக்கு மெல்லுதல் புற்றுக்குக் காரணமென்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் தீர்மானித்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஜப்பானியர் காலத்திலே நம் பாட்டன்மார்களின் உயிரைக் காத்த மரவள்ளிக்கிழங்கிலும் நஞ்சு உண்டு. தோலுரித்து, நறுக்கி, வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டிய பாட்டிமார்கள், இரசாயன நூல் படியாமலே அதை நீக்கினார்கள். கள்ளும் தென்னையின் சாறே. மதுபானம் பெருங்குடற் புற்றுக்கும் காரணமென்று அதே நிலையத்தார் லியோன் நகரத்திலே 2007-ல் தீர்மானித்தனர். 2015-ல், பதனிட்ட இறைச்சியை நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் தின்று வந்தால் இந்நோய் வரக்கூடிய ஏது நூற்றுக்கு 18 பாகம் கூடும் என்றும் சொன்னார்கள்.

இந்த 18 என்பதைத்தான் நம்மவர் பிழைபட உணர்கின்றனர். ஒரு பெருங்கூட்டத்திலே 50 பேருக்கு வரக்கூடிய நோய், அக்கூட்டத்தார் அனைவரும் அவ்விறைச்சியைத் தினமும் தின்பாராயின் 59 பேருக்கு வரும் என்பதே அதன் பொருள். அந்த 59 பேரிலே இறைச்சியினால் விழுந்த ஒன்பதின்மர் யார், எப்படியும் விழுந்திருக்கக்கூடிய ஐம்பதின்மர் யார் என்று பிரித்துக் காட்ட எந்த வைத்தியராலும் இயலாது. கூட்டத்தைப் பற்றிச் சொல்வது விஞ்ஞானம். அதை ஒருவன் தலைமேல் தீர்ப்பாக இறக்குவது விஞ்ஞானமன்று, வம்பு. ஒழுங்காய்க் கீரையுண்டு, கள்ளைத் தொடாமல் வாழ்ந்தவருக்கும் இந்நோய் வருகின்றது. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றது; ஒவ்வொரு முறையும் பழைய அணுவைப் பார்த்துப் புதிய அணு எழுதப்படுகின்றது. செக்ரோலிலே தினந்தோறும் நூறு பெயர் எழுதும் நமக்கு இது நன்றாய் விளங்கும். எவ்வளவு கவனமாயிருந்தாலும் வருஷத்திலே ஒரு பெயர் பிசகும். அப்பிசகு பெரும்பாலும் மறுநாளே திருத்தப்படும். ஒன்றிரண்டு திருந்தாமல் தங்கிவிடும். வயது ஏற ஏற அவை சேரும். சிலர் அப்பிசகோடேயே பிறக்கின்றனர். இதிலே யாரைக் குற்றஞ்சாட்டுவது?

"கீரை உண்" என்பது எதிர்காலத்துக்குச் சொல்வது, அது அன்பு. "கீரை உண்டிருக்கலாம்" என்பது இறந்தகாலத்துக்குச் சொல்வது. படுக்கையிற் கிடப்பவன் காதிலே அது தண்டனை. சொல் ஒன்றேயாயினும் காலம் மாறியதும் தர்மம் மாறிவிடுகின்றது. இதை அறியாமல்தான் நாம் நோயாளியின் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு குற்றப்பத்திரிகையையும் கொண்டு செல்லுகின்றோம். கணவன் உண்டதற்குக் கணவனே பொறுப்பு என்றுகூட விடுவதில்லை; ஆக்கியவளிடம் கணக்குக் கேட்கின்றோம். கள்ளுக்கு அவன் காசு கொண்டுபோனபொழுது அவள் தடுத்தால் வாயாடி, தடுக்காவிட்டால் கவனியாதவள்.

மேலும், நம்மவர் என்ன உண்டார்கள் என்பதை நம்மவர் மட்டுமா தீர்மானித்தார்கள்? தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்த காலம் ஒன்று உண்டு. சம்பளம் வாங்கிய கை வீடு சேருமுன் அக்கடையைக் கடந்தாக வேண்டும். 1946, 1947-ம் வருஷங்களிலே இந்தக் கெடா மாநிலத்திலே, பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையிலே தொண்டர் படையினர் திரண்டு கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றனர். அவர்கள் குடற்புற்றை நினைத்துச் செய்யவில்லை. கூலியையும் குடும்பத்தையும் மானத்தையும் நினைத்துச் செய்தார்கள். ஆனால் அவர்கள் குடிப்பவனுடைய தலையிலே மட்டும் பழியைச் சுமத்தாமல் கடையின் வாசலுக்கே சென்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது. லயத்தின் பின்புறத்திலே முருங்கையும் பசலையும் போட்டு வளர்த்தவர்கள், தோட்டம் கைமாறியபின் பட்டணத்து அடுக்குமாடியில் நாலாவது மாடிக்குப் போய்விட்டார்கள். அங்கே கீழ்க்கடையிலே கிடைப்பது மேகி மீயும் வெள்ளை ரொட்டியும். அவர்களைப் பார்த்து "ஏன் கீரை உண்ணவில்லை?" என்று கேட்பதற்கு முன், கீரைக்குரிய மண் எங்கே போயிற்று என்று கேட்கவேண்டாமா?

இனி நமது குற்றத்துக்கு வருவோம். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றவர்களைக் கண்டித்ததெல்லாம் வீண். அந்த மனிதரிடம் இருந்த குறை மஞ்சட் குறை அன்று. ஏழு மாதக் குறை. இந்நோய் முதற்படியிலே கண்டுபிடிக்கப்பட்டால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். நாலாம்படியிலே சிலரே பிழைக்கின்றனர். இந்நாட்டிலே நோயாளிகளுள் பெரும்பாலோர் மூன்றாம், நாலாம் படிகளிலேதான் ஆஸ்பத்திரிக்கு வருகின்றனர். ஏன்? மலத்தைப் பற்றிப் பேச வெட்கம். இரத்தம் கண்டால் மூலம் என்று பெயர் வைத்து மூடிவிடும் பழக்கம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளிலே, யாதொரு நோய்க்குறியும் இல்லாத 50 வயது கடந்தவர்களுக்கு, மலத்திலே கண்ணுக்குப் புலப்படாத இரத்தம் உண்டா என்று சோதிக்கின்றார்கள். வீட்டிலிருந்து சிறு குப்பியிலே கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். உண்டென்று தெரிந்தால் குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, புற்றாக மாறுமுன்பே முளையைக் கிள்ளிவிடுகின்றார்கள். கண்ணுக்கே இரத்தம் தெரிந்தவர்கள் அக்குப்பிக்கும் காத்திராமல் நேரே டாக்டரிடம் செல்லவேண்டும். இவ்வளவும் நாம் அறிந்திருந்த விஷயமே. ஆபீசுச் சுவரிலே மலாய் மொழியில் அச்சிட்ட விளம்பரம் ஒன்று ஒட்டியே இருந்தது. மஞ்சளைத் தமிழிலே சொன்ன வாய் அதைத் தமிழிலே சொல்லவில்லை. மலத்தைப் பற்றிப் பேச நமக்கும் வெட்கம்.

வள்ளுவர் வைத்தியத்துக்கு நால்வகை உறுப்புக் கூறியபொழுது, நோயாளியையும் வைத்தியனையும் மருந்தையும் சொன்னதோடு நில்லாமல், பக்கத்திலிருந்து பார்ப்பவனையும் சேர்த்தார். அந்த நாலாம் இடத்திலே நாம் இருந்தோம். பாதி படித்ததைப் பாதி என்று சொல்லாமல் முழுதாகச் சொன்னோம்.

சென்ற மாதம் அந்த அம்மையார் பாக்கிக் காகிதத்துக்காக மறுபடியும் வந்தார். இந்த முறை அவரை உட்காரச் சொல்லி, மேலே எழுதியவற்றுள் வேண்டியதை எளிய சொல்லிலே எடுத்துரைத்தோம். அவருடைய சமையல் காரணமன்று என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார் என்றோம். மஞ்சளைப் பற்றிய நமது தவறையும் மறைக்காமல் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும். "அப்ப எதனாலேதான் வந்துச்சு ஐயா?" என்று கேட்டார். "தெரியவில்லை அம்மா. யாருக்கும் தெரியாது" என்றோம். சிறிது நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தகப்பனுக்கு வந்திருப்பதனாலே பிள்ளைகள் ஐம்பது வயது ஆகட்டுமென்று காத்திராமல் முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொன்னோம். மூத்தவன் கூலிமிலே தொழிற்சாலையில் இருக்கின்றான், சின்னவன் பினாங்கிலே லாரி ஓட்டுகின்றான் என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு, சுவரிலிருந்த விளம்பரத்தைக் காட்டி, "அதுலே என்ன போட்டிருக்குன்னு தமிழிலே எழுதிக் கொடுங்க ஐயா. ரெண்டு கடுதாசியா கொடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தோம்.